எண்ணெய் கிடைத்தும் நட்டமா? – சிறிய எண்ணெய்க் கம்பனிகளும் சிறு முதலீட்டாளரும்

எண்ணெய்க் கம்பனி என்று சொன்னவுடன் நம் மனக்கண்ணில் தோன்றுவது சவூதி அரம்கோவும் ஷெல்லும் எக்ஸொன்மொபிலும்தான். பாலைவனத்தில் உயர்ந்து நிற்கும் கோபுரங்கள், மலைபோன்ற கப்பல்கள், ஆயிரக்கணக்கான ஊழியர்கள். ஆனால் உலகில் இன்னொரு வகை எண்ணெய்க் கம்பனியும் உண்டு. இலண்டனிலோ கல்கரியிலோ பேர்த்திலோ ஏதோ ஒரு கட்டடத்தில் இரண்டு மூன்று அறைகள். பத்துப் பதினைந்து ஊழியர்கள். சொந்தமாக ஒரு துளையிடும் இயந்திரம்கூட இருக்காது. ஒரு லீற்றர் எண்ணெயையும் அவர்கள் இதுவரை விற்றிருக்க மாட்டார்கள். அவர்களிடம் இருப்பது ஓர் அரசாங்கம் வழங்கிய அனுமதிப்பத்திரம், நிலத்தடிப் பாறைகளின் வரைபடங்கள், வங்கியில் கொஞ்சக் காசு, அத்தோடு நிறைய நம்பிக்கை.

இந்தக் கம்பனிகளின் பங்குகளை வாங்குவோரில் பெருந்தொகையானோர் சாதாரண மனிதர்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர், கடை முதலாளி, சம்பளத்தில் மிச்சம் பிடித்த இளைஞர் என்று பலதரப்பட்டோர். பங்கின் விலை சில பென்ஸ்களாகவே இருப்பதால் நூறு பவுணுக்கும் ஆயிரக்கணக்கான பங்குகள் கைக்கு வந்துவிடும். 1995 இல் இலண்டன் பங்குச் சந்தை சிறிய கம்பனிகளுக்கென்று ‘எய்ம்’ என்ற தனிச் சந்தையைத் தொடங்கியது. பிரதான சந்தையைவிட அங்கே நுழைவு விதிகள் இலகுவானவை. எண்ணெய் தேடும் சிறு கம்பனிகள் பல அங்கேதான் திரண்டன. எங்கள் கொழும்புப் பங்குச் சந்தையில் எரிபொருள் என்றால் விற்பனைக் கம்பனியான லங்கா ஐ.ஓ.சி. பலருக்கு நினைவுக்கு வரும். தேடும் கம்பனிக்கும் விற்கும் கம்பனிக்கும் இடையிலுள்ள வேறுபாடு, விதை நெல்லுக்கும் அரிசிக் கடைக்கும் இடையிலுள்ள வேறுபாடு போன்றது.

பெரிய கம்பனிகள் இருக்கும்போது சிறியவற்றுக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். பெரிய கம்பனிக்குச் சிறிய கிணறு பயன்படாது என்பதுதான் பதில். ஒரு நாளைக்கு இலட்சக்கணக்கான பீப்பாய்களை எடுக்கும் ஷெல்லுக்கு, இரண்டாயிரம் பீப்பாய் தரும் வயல் வெறும் தலையிடி. அதனால் பெரியவர்கள் சில இடங்களைப் பாதி தேடிப்பார்த்துவிட்டு விலகிவிடுவார்கள். அவர்கள் விட்டுச்சென்ற இடத்தில் சிறியவர்கள் கூடாரம் அடிப்பார்கள். 1998 இல் தென் அத்திலாந்திக்கில் உள்ள போக்லாந்து தீவுகளின் வடக்குக் கடலில் ஷெல்லும் வேறு சில கம்பனிகளும் ஆறு கிணறுகளைத் துளைத்தன. எண்ணெயின் அறிகுறிகள் தென்பட்டன. ஆனால் அப்போது உலகச் சந்தையில் ஒரு பீப்பாயின் விலை 10 டொலரை நெருங்கும் அளவுக்கு விழுந்திருந்தது. எல்லோரும் போய்விட்டார்கள். பின்னர் அந்தக் கடலுக்குத் திரும்பியவை எய்ம் சந்தையின் சிறு கம்பனிகள்தாம். அவற்றில் இரண்டின் கதை, நான் எடுத்துக்கொண்ட விடயத்தை எந்தப் பாடநூலையும்விட நன்றாக விளக்குகிறது.

ஒன்றின் பெயர் டிசையர் பெற்றோலியம், மற்றையது ரொக்ஹொப்பர். ஒரு துளையிடும் மேடையை ஸ்கொட்லாந்திலிருந்து அத்திலாந்திக் சமுத்திரத்தின் மறு அந்தம்வரை இழுத்துச் செல்வதென்றால் செலவு எவ்வளவு என்று எண்ணிப்பாருங்கள். தனியே தாங்க முடியாது என்பதால், ‘ஓஷன் கார்டியன்’ என்ற ஒரே மேடையை இவை வேறு கம்பனிகளுடன் பங்கிட்டு முறைவைத்துப் பயன்படுத்தின. கலியாண வீட்டுக்கு ஒரே சட்டியை ஊரெல்லாம் மாறிமாறி எடுப்பது போல.

2010 மே 6 ஆம் திகதி, தனது ‘சீ லயன்’ கிணற்றில் எண்ணெய் கிடைத்ததாக ரொக்ஹொப்பர் அறிவித்தது. 40 பென்ஸுக்கும் குறைவாக இருந்த அதன் பங்கு, அந்த ஆண்டுக்குள்ளேயே பல மடங்கு ஏறியது. பக்கத்துக் கடற்பரப்பில் துளைத்துக்கொண்டிருந்த டிசையரின் பங்குதாரர்கள் எப்படி இருந்திருப்பார்கள்! அடுத்தது எங்கள் முறை என்றுதான் எண்ணியிருப்பார்கள். அந்த டிசம்பர் தொடக்கத்தில், ஒரு வியாழக்கிழமை, டிசையர் தனது ‘ரேச்சல் நோர்த்’ கிணற்றில் எண்ணெய் இருப்பதாக அறிவித்தது. பங்கு விலை பாய்ந்தது. அடுத்த திங்கட்கிழமை இன்னோர் அறிவித்தல் வந்தது. கிணற்றின் அடியிலிருந்து திரவ மாதிரியை எடுத்துப் பார்த்தபோது, அது பெரும்பாலும் தண்ணீர்! பங்கின் விலை சுமார் பாதியாக விழுந்தது.

இதில் மோசடி இருந்ததாக நான் சொல்லவில்லை. முதல் அறிவித்தல் கருவிகளின் அளவீடுகளை வைத்து வந்தது, இரண்டாவது கையில் எடுத்த மாதிரியை வைத்து வந்தது. இரண்டுக்கும் இடையில் இருந்தவை நான்கே நாட்கள். அந்த வெள்ளிக்கிழமை பங்கை வாங்கியவர் வாங்கியது எண்ணெயை அல்ல, ஓர் அளவீட்டுக்குக் கொடுக்கப்பட்ட விளக்கத்தை. சிறு முதலீட்டாளர் படிக்கவேண்டிய முதல் விடயம் இதுதான் என்று நினைக்கிறேன். “எண்ணெய் இருக்கிறது” என்ற வசனத்துக்குப் பல படிகள் உண்டு.

அந்தப் படிகளுக்கு இத்துறையினர் முறையான பெயர்கள் வைத்திருக்கிறார்கள். இன்னும் துளைக்கப்படாமல், வரைபடத்தில் மட்டும் இருப்பதை ‘வாய்ப்பு வளம்’ எனலாம். துளைத்துக் கண்டுபிடிக்கப்பட்டு, ஆனால் இலாபமாக எடுக்க முடியுமா என்பது இன்னும் முடிவாகாதது ‘நிபந்தனை வளம்’. எடுக்க முடியும், விற்க முடியும், அனுமதியும் காசும் உண்டு என்ற நிலைக்கு வந்ததே ‘இருப்பு’. எங்கள் கரையோர ஊர்ச் சகோதரிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கடலில் மீன் இருக்கும் என்று கணிப்பது ஒன்று, வலையில் மீன் துள்ளுவது ஒன்று, கரைக்கு வந்து விலை பேசித் தராசில் ஏறுவது இன்னொன்று. மூன்றையும் ‘மீன்’ என்றே சொல்கிறோம். காசு மூன்றாவதற்குத்தான் கிடைக்கிறது.

இருப்பிலும் மூன்று எண்கள் தரப்படும். கிடைப்பதற்கு 90 வீத வாய்ப்புள்ள குறைந்த அளவு, 50 வீத வாய்ப்புள்ள நடு அளவு, 10 வீத வாய்ப்பே உள்ள பெரிய அளவு. செய்தித் தலைப்பில் இடம்பிடிப்பது எது என்று நான் சொல்லவா வேண்டும்?

2015 ஏப்ரல் 9 ஆம் திகதி அப்படியொரு தலைப்பு வந்தது. இலண்டனின் கற்விக் விமான நிலையத்துக்கு அருகே, ஹோர்ஸ் ஹில் என்ற இடத்தில், யூ.கே. ஒயில் அன்ட் காஸ் என்ற எய்ம் கம்பனி தனது கிணற்றுத் தரவுகளை ஆராய்ந்து, ஒரு சதுர மைலுக்கு 158 மில்லியன் பீப்பாய் எண்ணெய் பாறைக்குள் இருப்பதாக அறிவித்தது. அன்றைய செய்திகளில் அது முழுப் படுகைக்கும் 100 பில்லியன் பீப்பாய் என்று வளர்ந்துவிட்டது. வட கடலிலிருந்து 40 ஆண்டுகளில் எடுக்கப்பட்ட எண்ணெயும் வாயுவும் சேர்ந்தே சுமார் 45 பில்லியன் பீப்பாய்தான் என்பதையும் ஊடகங்கள் ஒப்பிட்டுக் காட்டின. பங்கு விலை விண்ணுக்குப் பறந்தது.

அதே செய்திக்குள்ளேயே ஒரு சிறிய வசனமும் இருந்தது. பாறையிலுள்ள எண்ணெயில் 3 முதல் 15 வீதம் வரைதான் வெளியே எடுக்கக்கூடியதாக இருக்கும் என்பதே அது. சில நாட்களில், தனது அனுமதிப் பரப்புக்கு வெளியேயுள்ள முழுப் படுகையையும் மதிப்பிடுமளவுக்குத் தான் ஆய்வு செய்யவில்லை என்று கம்பனியே விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று. அத்தோடு அந்தக் கிணற்றின் முழு உரிமையும் அக்கம்பனியுடையதல்ல, ஒரு பகுதிதான் அதற்குச் சொந்தம். ஆகவே 100 பில்லியன் என்ற எண்ணை வாசித்தவர் அதை மூன்று தடவை வெட்டிச் சுருக்க வேண்டியிருந்தது. முழுப் படுகையிலிருந்து அனுமதிப் பரப்புக்கு, அங்கிருந்து எடுக்கக்கூடிய அளவுக்கு, அதிலிருந்து கம்பனியின் பங்குக்கு.

அந்தக் கிணறு பின்னர் எண்ணெய் தந்தது உண்மை, ஆனால் சிறிய அளவில். 2019 இல் மேலும் நான்கு கிணறுகளுக்கு சரே மாவட்ட சபை அனுமதி வழங்கியது. எண்ணெயை எடுக்கும்போது வரும் மாசை மட்டும் பார்த்துவிட்டு, அதை எரிக்கும்போது வரும் மாசைக் கணக்கில் எடுக்கவில்லை என்று சாரா ஃபின்ச் என்ற பெண்மணி வழக்குத் தொடர்ந்தார். 2024 ஜூன் 20 ஆம் திகதி பிரித்தானிய உயர் நீதிமன்றம் அவரது பக்கம் தீர்ப்பளித்தது. அனுமதி செல்லாததாகியது. பாறையையும் விலையையும் கணக்கிட்ட முதலீட்டாளர்களில் எத்தனை பேர் இந்த வழக்கைக் கணக்கிட்டிருப்பார்கள்?

இனி, இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய கணக்குக்கு வருகிறேன். உயர்தரத்தில் வணிகப் பிரிவில் படிப்பதால் எனக்குப் பாறைகளைவிட எண்களோடுதான் உறவு அதிகம்.

ஒரு கிணற்றில் எண்ணெய் கிடைக்கப் பல நிபந்தனைகள் ஒன்றாக நிறைவேற வேண்டும். எண்ணெயை உருவாக்கிய மூலப்பாறை இருக்க வேண்டும். அதைத் தேக்கிவைக்கும் துளைகள் கொண்ட பாறை இருக்க வேண்டும். மேலே கசியவிடாத மூடுபாறை வேண்டும். எண்ணெய் வழிந்தோடாமல் அடைபட்டிருக்கும் அமைப்பும் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே நல்ல வாய்ப்பு இருப்பதாகவே வைத்துக்கொள்வோம்: 0.8, 0.7, 0.6, 0.6. பெருக்கினால் வருவது 0.2 தான். ஐந்துக்கு ஒன்று! நான்கும் சாதகமாகத் தோன்றும் இடத்திலும் ஐந்தில் நான்கு தடவை வெறும் கிணறு. புதிய பகுதிகளில் இதைவிடவும் குறைவு.

இப்போது ஒரு கற்பனைக் கம்பனியை எடுப்போம். அதற்கு 100 மில்லியன் பங்குகள், வங்கியில் 12 மில்லியன் பவுண். ஒரு கிணறு துளைக்கச் செலவு 10 மில்லியன். எண்ணெய் கிடைத்தால் அதன் பெறுமதி 100 மில்லியன், வாய்ப்பு ஐந்துக்கு ஒன்று. வெற்றி பெற்றால் மிஞ்சிய 2 மில்லியனும் கண்டுபிடிப்பின் 100 மில்லியனும் சேர்ந்து ஒரு பங்குக்கு 102 பென்ஸ். தோற்றால் 2 பென்ஸ். நிகழ்தகவு முறையில் எதிர்பார்த்த பெறுமதியைக் கணித்தால் 22 பென்ஸ் வரும். சந்தையில் பங்கு 20 பென்ஸுக்கு விற்பனையாகிறது. மலிவுதானே, வாங்கலாமே என்று பரீட்சை விடைத்தாளில் எழுதலாம். புள்ளியும் கிடைக்கும்.

ஆனால் அந்த 22 பென்ஸ் ஒருநாளும் யாருடைய கைக்கும் வரப்போவதில்லை. வருவது 102 அல்லது 2. அதிலும் ஐந்தில் நான்கு தடவை 2.

தோற்ற பின்னர் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கம்பனி கலைவதில்லை. பக்கத்தில் இன்னும் நல்ல இடம் ஒன்று இருக்கிறது, முதல் கிணற்றிலிருந்து நிறையக் கற்றுக்கொண்டோம் என்று பணிப்பாளர்கள் சொல்வார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் இரண்டாவது கிணற்றுக்கு 10 மில்லியன் வேண்டும். வருமானம் இல்லாத கம்பனிக்கு வங்கி கடன் கொடுக்காது. ஆகவே புதிய பங்குகளை வெளியிட வேண்டும். பங்கின் விலை இப்போது 2 பென்ஸ். 10 மில்லியன் பவுண் திரட்ட 500 மில்லியன் புதிய பங்குகள் தேவை. மொத்தம் 600 மில்லியன் ஆகிவிடும். முன்பு முழுக் கம்பனியையும் வைத்திருந்தவர்களிடம் இப்போது ஆறில் ஒன்றுதான்.

சரி, இரண்டாவது கிணற்றில் எண்ணெய் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதே 100 மில்லியன் பெறுமதி. கம்பனியின் மொத்தப் பெறுமதி 102 மில்லியன். 600 மில்லியன் பங்குகளால் வகுத்தால் ஒரு பங்குக்கு 17 பென்ஸ். முதலில் 20 பென்ஸ் கொடுத்து வாங்கி, நான்கைந்து வருடம் பொறுமையாகக் காத்திருந்து, கடைசியில் எண்ணெயும் கிடைத்து, அவருக்கு நட்டம். அலுவலக வாடகை, சம்பளம் எதையும் நான் இதில் கழிக்கவில்லை.

இந்தக் கணக்கை வீட்டில் வாப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “அப்ப புவியியல்காரன் சொன்னது சரி, காசு போட்டவன்தான் பிழையா?” என்று கேட்டார். அதுதான் விடயம். எண்ணெய் இருக்கிறதா என்பது கேள்வியின் ஒரு பாதி. அதை எடுக்கும் நாள்வரை காசு யார் தருவது, அந்த நாளில் அது எத்தனை பங்குகளுக்குப் பிரியப் போகிறது என்பது மறு பாதி. சிறு முதலீட்டாளர்கள் பலர் முதற்பாதியில் நிபுணர்களாகிவிடுகிறார்கள். பாறைகளின் பெயர்கள்கூட மனப்பாடம். பங்குகளின் எண்ணிக்கையைத்தான் பார்ப்பதில்லை.

ரொக்ஹொப்பரின் கதையும் இந்தக் கணக்கின் உறவுதான். சீ லயன் பொய்யான கண்டுபிடிப்பு அல்ல. அங்கே நூற்றுக்கணக்கான மில்லியன் பீப்பாய்கள் இருப்பது உறுதியானது. ஆனால் ஆழ்கடலில், எந்தத் துறைமுகத்துக்கும் தொலைவில் உள்ள வயலை உற்பத்திக்குக் கொண்டுவர பில்லியன் கணக்கில் டொலர் வேண்டும். அதனால் 2012 இல் பிரீமியர் ஒயில் என்ற பெரிய கம்பனிக்கு 60 வீதத்தைக் கொடுத்து, பதிலுக்குச் சுமார் ஒரு பில்லியன் டொலர் பெறுமதியான பணத்தையும் செலவுப் பொறுப்பையும் பெற ஒப்பந்தம் செய்தது. வயலை வாரத்துக்குக் கொடுப்பது போன்ற ஏற்பாடு இது. விதையும் உரமும் அவருடையவை, விளைச்சலில் பெரும்பங்கும் அவருக்கு. அதற்குள் 2014 இல் 100 டொலருக்கு மேல் இருந்த எண்ணெய் விலை 2016 ஜனவரியில் 30 டொலருக்கும் கீழே போனது. திட்டம் ஒத்திவைக்கப்பட்டது. பிரீமியர் வேறொரு கம்பனியுடன் இணைந்தது, இணைந்த கம்பனி போக்லாந்தை விட்டு விலகியது, வேறு பங்காளி வந்தார். கண்டுபிடித்து 15 ஆண்டுகளாகியும் ஒரு பீப்பாய் எண்ணெய் விற்பனைக்கு வரவில்லை. இடையில் ஒரு கட்டத்தில் ரொக்ஹொப்பர் பங்கின் விலை, எண்ணெய் கண்டுபிடிப்பதற்கு முன்பிருந்ததைவிடவும் கீழே இருந்தது. டிசையர் 2013 இல் இன்னொரு போக்லாந்துக் கம்பனியுடன் இணைந்து மறைந்தது. அந்தக் கம்பனியும் 2016 இல் ரொக்ஹொப்பருக்குள் அடங்கியது.

இத்தகைய கம்பனியொன்றின் ஆண்டறிக்கையைத் திறந்தால் எதைப் பார்க்க வேண்டும்? என் எண்ணப்படி, அழகான வரைபடங்களைத் தாண்டிப் பின்பக்கங்களுக்குப் போகவேண்டும். அங்கே காசுப்பாய்ச்சல் கூற்று இருக்கும். வருடத்துக்கு எவ்வளவு காசு வெளியே போகிறது, கையில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்து வகுத்தால், இன்னும் எத்தனை மாதங்களில் அவர்கள் மறுபடி பங்கு விற்க வருவார்கள் என்பது தெரிந்துவிடும். நிதிநிலைமைக் கூற்று அவ்வளவு நம்பகமான நண்பனல்ல. சர்வதேச நிதி அறிக்கையிடல் நியமம் 6 இன்படி, தேடுதலுக்குச் செலவிட்ட காசைப் புலனாகாச் சொத்தாகக் காட்ட இடமுண்டு. எங்கள் நாட்டு நியமம் 6 உம் அதையே சொல்கிறது. அதாவது 10 மில்லியன் செலவிட்டு ஆய்வு செய்தால், 10 மில்லியன் சொத்து. அது செலவின் ஞாபகமே தவிரப் பாறைக்குள் இருப்பதன் விலை அல்ல. கிணறு வெறுமையானால் அடுத்த ஆண்டு ஒரே வரியில் பதிவழிக்கப்படும்.

இன்னும் மோசமான ஒன்று உண்டு. பங்கு விற்க முடியாத அளவுக்கு நிலைமை இறங்கும்போது சில கம்பனிகள் ‘மாற்றத்தக்க கடன்’ எடுக்கின்றன. கடன் கொடுத்தவர் காசுக்குப் பதிலாகப் பங்குகளை, அன்றைய சந்தை விலையைவிடக் குறைந்த விலையில் எடுத்துக்கொள்ளலாம். எடுத்து உடனே விற்பார். விற்றதால் விலை விழும். விலை விழுந்ததால் அடுத்த தவணைக்கு இன்னும் கூடுதலான பங்குகள் கிடைக்கும். அதையும் விற்பார். ஏணியில் இறங்குபவரின் காலுக்குக் கீழே படிகளை ஒவ்வொன்றாகக் கழற்றுவது போன்றது இது.

இங்கே மார்க்க ரீதியான ஒரு கேள்வி எழுவது இயல்பு. இது வியாபாரமா, சூதாட்டமா? மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை, அதற்கு உலமாக்கள் இருக்கிறார்கள். நான் வாசித்து விளங்கிக்கொண்டதை மட்டும் சொல்கிறேன். ‘கறர்’ எனப்படும் தெளிவின்மை நிறைந்த விற்பனையை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். தண்ணீருக்குள் இருக்கும் மீனையும், ஆகாயத்தில் பறக்கும் பறவையையும், ஓடிப்போன ஒட்டகத்தையும் விற்பதை ஃபிக்ஹு அறிஞர்கள் இதற்கு உதாரணமாகச் சொல்வார்கள். நிலத்தடி எண்ணெயைப் பார்க்கும்போது இந்த உதாரணங்கள் அப்படியே பொருந்துவதாக முதலில் தோன்றியது. யோசித்துப் பார்த்தால், பங்கு வாங்குபவர் எண்ணெயை வாங்குவதில்லை. ஒரு தொழிலில் கூட்டாளியாகிறார். இலாபம் வந்தால் இருவருக்கும், நட்டம் வந்தால் இருவருக்கும். மீன்பிடிப் படகில் பங்குபோடுபவரும் இதையே செய்கிறார். எந்த மீனும் அவருக்கு உறுதியளிக்கப்படவில்லை. ஆபத்து இருப்பதாலேயே ஒரு தொழில் சூதாட்டமாகிவிடாது.

ஆனால் தொழிலே தெரியாமல், அறிக்கை எதையும் பாராமல், வியாழக்கிழமை அறிவித்தலைக் கேட்டு வெள்ளிக்கிழமை வாங்கித் திங்கட்கிழமை விற்கலாம் என்று ஓடுபவரைக் கூட்டாளி என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டு பேரும் வைத்திருப்பது ஒரே பங்குதான்.

வட்டியைப் பொறுத்தவரை அளவுகோல் தெளிவாகவே இருக்கிறது. பஹ்ரைனைத் தளமாகக் கொண்டு இஸ்லாமிய நிதி நிறுவனங்களுக்கு நியமங்களை வகுக்கும் அயோஃபி அமைப்பு, ஒரு கம்பனியின் வட்டிக் கடன் அதன் சந்தைப் பெறுமதியில் 30 வீதத்தைத் தாண்டக்கூடாது என்று சொல்கிறது. சிறிய எண்ணெய்க் கம்பனியில் இது வேடிக்கையாக வேலை செய்யும். 20 மில்லியன் பெறுமதியான கம்பனி 2 மில்லியன் கடன் வைத்திருந்தால் 10 வீதம், எல்லைக்குள். கிணறு வெறுமையாகிப் பங்கு விழுந்து பெறுமதி 4 மில்லியன் ஆனால், அதே கடன் 50 வீதம். புதிதாக ஒரு சதம்கூடக் கடன் எடுக்காமல், ஒரே இரவில் எல்லையைத் தாண்டிவிடுகிறது.

இவ்வளவு சொன்ன பிறகும் மக்கள் ஏன் இந்தப் பங்குகளை விட்டபாடில்லை? ஏனென்றால் சில வேளைகளில் 102 பென்ஸ் உண்மையாகவே வருகிறது. எல்லோரும் சொல்லும் கதை கெயர்ன் எனர்ஜியுடையது. எடின்பரோவைச் சேர்ந்த இந்தக் கம்பனியை நடத்தியவர் பில் கமல், முன்னாள் ஸ்கொட்லாந்து ரக்பி வீரர். இந்தியாவின் ராஜஸ்தானில் ஷெல் தனக்கிருந்த பங்கை விட்டு விலகியபோது, அதைச் சுமார் 7 மில்லியன் டொலருக்குக் கெயர்ன் வாங்கியது. 2004 ஜனவரியில் அங்கே ‘மங்களா’ வயல் கண்டுபிடிக்கப்பட்டது. பாறைக்குள் ஒரு பில்லியன் பீப்பாய்க்கு மேல்! அந்த ஆண்டே கெயர்ன் இலண்டனின் மிகப் பெரிய 100 கம்பனிகளின் பட்டியலில் ஏறியது. ஆனால் மெழுகுபோல் உறையும் அந்த எண்ணெயை 600 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட, சூடாக்கப்பட்ட குழாய் வழியாகத்தான் அனுப்ப முடிந்தது. உற்பத்தி தொடங்கியது 2009 ஓகஸ்டில். அதே கெயர்ன், அதே திறமையுடன், 2010, 2011 இல் கிறீன்லாந்துக் கடலில் எட்டுக் கிணறுகளைத் துளைத்து, சுமார் ஒரு பில்லியன் டொலரைச் செலவிட்டும், விற்கத்தக்க எதையும் காணவில்லை. இந்தக் கதையை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை.

கெயர்னின் இந்தியக் கிளைதான் எங்கள் மன்னார் கடலுக்கும் வந்தது. 1970களில் சோவியத் உதவியுடன் பேசாலையில் துளைத்துப் பார்த்து ஒன்றும் கிடைக்காத வரலாறு இருந்தும், 2008 இல் கெயர்ன் இந்தியா ஒப்பந்தம் செய்தது. 2011 இல் ‘சிக்யூ’ என்ற ஜப்பானியக் கப்பல் வந்து துளைத்தது. ஒக்டோபரில், 1,350 மீற்றர் நீருக்கடியில், ‘டொராடோ’ கிணற்றில் வாயு கிடைத்தது. அடுத்த ‘பராக்குடா’விலும் கிடைத்தது. மூன்றாவது வெறுமை, 2013 இல் துளைத்த நான்காவதும் வெறுமை. நான்குக்கு இரண்டு என்பது உலக அளவில் மிகச் சிறந்த பெறுபேறு. 2022 இல் எரிபொருள் வரிசைகளில் நின்ற நாட்களில் “மன்னாரில் இருக்கே, ஏன் எடுக்கிறாங்கள் இல்லை?” என்று கேட்காதவர் குறைவு. மேலே சொன்ன படிகளில் வைத்துப் பார்த்தால் விடை தெரியும். ஆழ்கடல் வாயுவைக் கரைக்குக் கொண்டுவரக் குழாய் வேண்டும், வந்த பின் பரப்ப வலையமைப்பு வேண்டும், ஆண்டுக்கணக்கில் வாங்க உறுதியளிக்கும் மின்நிலையங்கள் வேண்டும். இவை எதுவும் எங்களிடம் இருக்கவில்லை. உலக விலையும் சரிந்தது. 2015 இல் கெயர்ன் இந்தியா விலகிவிட்டது.

2021 இல் எங்கள் பாராளுமன்றம் புதிய பெற்றோலிய வளங்கள் சட்டத்தை நிறைவேற்றியது. அடுத்த தடவை மன்னாருக்கு விண்ணப்பிக்க வருபவர்களுள் சிறிய கம்பனிகளும் இருக்கலாம். பெரியவர்கள் தயங்கும் இடங்களுக்கு வருவது அவர்கள்தானே. அப்போது ஒரு பென்னிப் பங்கை வாங்குமுன் இலண்டன் முதலீட்டாளர் கேட்கவேண்டிய அதே கேள்விகளை எங்கள் அதிகாரிகளும் கேட்க வேண்டியிருக்கும். உங்கள் கையிருப்பு எத்தனை கிணறுகளுக்குப் போதும்? முதலாவது வெறுமையானால் இரண்டாவதுக்குக் காசு எங்கிருந்து வரும்? கைவிட்டுப் போகும்போது கிணற்றை மூடும் செலவு யாருடையது? டொராடோவின் வாயு இன்னும் கடலடிப் பாறையில்தான் இருக்கிறது. துறையின் மொழியில் அதன் பெயர் இன்றுவரை ‘நிபந்தனை வளம்’.